நாற்பது வரை எண்ணும் நான்கு சுவிட்சுகள்

வணக்கம் நேயர்களே. உங்கள் பக்கத்தில் பேனாவும் கட்டம் போட்ட தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மனதுக்குள் ஒரு தாளை விரித்துக்கொள்ளலாம். ஐந்து எண்கள் சொல்கிறேன்: 240, 144, 144, 144, 240.

இவற்றைக் கணினி எண்ணுகிற மாதிரி ஒன்றும் பூஜ்யமுமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். 240 என்றால் நான்கு ஒன்று, நான்கு பூஜ்யம். 144 என்றால் ஒரு ஒன்று, இரண்டு பூஜ்யம், மறுபடி ஒரு ஒன்று, அப்புறம் நான்கு பூஜ்யம். ஐந்து வரிகளையும் எழுதிவிட்டு, ஒன்று விழுந்த கட்டங்களை மட்டும் பேனாவால் நிரப்புங்கள். உள்ளே வெற்றிடம் விட்ட ஒரு நீள்சதுரம் தெரியும். பூஜ்யம் என்ற இலக்கத்தின் படம் அது.

சிப்-8 என்ற கணினியை மறுபடி உருவாக்க உட்காருகிற எவரும் முதலில் உள்ளே எழுதிவைக்கும் ஐந்து எண்கள் இவைதான். நானும் எழுதினேன். எழுதி, ஓடவிட்டு, கறுப்புத் திரையில் அந்தச் சின்னப் பூஜ்யம் எரிந்த இரவில்தான் இந்தப் பொழுதுபோக்கு எனக்குள் வேர் விட்டது. நான் தொழிலால் கணினிக்காரன் அல்ல. பகலில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் வீட்டு மேசையில் விசித்திரமான கணினிகளோடு உட்காருகிறேன். இருபது வருடப் பழக்கம்.

சிப்-8 என்று ஒரு பெட்டி எங்கும் இருந்ததில்லை. ஜோசப் வைஸ்பெக்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970களின் நடுவில் கற்பனையாக வகுத்த கணினி அது. 4,096 பைட் நினைவகம், கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளப் பதிவேடுகள் என்ற 16 சின்ன அறைகள், அகலத்தில் 64 புள்ளியும் உயரத்தில் 32 புள்ளியும் உள்ள திரை, ஏறக்குறைய முப்பத்தைந்து கட்டளைகள். முழுக் கணினியும் அவ்வளவுதான். 1977இல் வந்த காஸ்மாக் வி.ஐ.பி. என்ற நிஜக் கணினிக்குள் 512 பைட் அளவில் ஒரு குட்டிப் புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, 'நான்தான் சிப்-8' என்று வேஷம் கட்டி ஆடும். விளையாட்டு எழுதுகிறவர் நிஜக் கணினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அந்த வேஷத்தோடு பேசினால் போதும்.

அதில் படம் வரையும் விதி எனக்கு மிகவும் பிடித்தது. வரைய வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்திருந்தால் எரியும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அணைந்துவிடும். அதனால் ஒரு படத்தை அதே இடத்தில் இரண்டாம் முறை வரைந்தால் அது மறைந்துபோகும். பந்தை நகர்த்த வேண்டுமா? இருந்த இடத்தில் ஒருமுறை வரைந்து அழித்துவிட்டு, அடுத்த இடத்தில் வரை. வரையும்போது எரிந்த புள்ளி ஏதாவது அணைந்தால், கணினி ஒரு பதிவேட்டில் 1 என்று குறித்துக்கொள்ளும். பந்து மட்டையில் மோதியது என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். வரைவதற்கும் அழிப்பதற்கும் மோதலைக் கண்டுபிடிப்பதற்கும் சேர்த்து ஒரே கட்டளை. இதை முதலில் புரிந்துகொண்டபோது, நாற்காலியிலிருந்து எழுந்து கொஞ்ச நேரம் அறைக்குள் நடந்தேன்.

காஸ்மாக் வி.ஐ.பி. இன்று அருங்காட்சியகப் பொருள். ஆனால் அதற்கு எழுதிய விளையாட்டுகள் இன்று கைபேசியிலும் ஓடும், கைக்கடிகாரத்திலும் ஓடும். பெட்டி போய்விட்டது, புரோகிராம் இருக்கிறது. எப்படி? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பதில் தேடித்தான் வழக்கத்துக்கு மாறான கணினிகளின் பக்கம் போனேன். கணினி என்றால் மின்சாரம், ஒன்று, பூஜ்யம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். 1949இல் பில் பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் தண்ணீரால் ஒரு கணினி செய்தார். மோனியாக் என்று பெயர். ஆளைவிட உயரம். ஒரு நாட்டின் வருமானம் சாயம் கலந்த தண்ணீராக மேலிருந்து இறங்கும். வரி ஒரு குழாய் வழியாகப் பிரியும், சேமிப்பு இன்னொரு குழாயில் போகும், செலவு தொட்டியில் விழும். வரியைக் கூட்டினால் என்ன ஆகும் என்று தெரிய ஒரு திறப்பைச் சற்றே திருப்பினால் போதும், மற்றத் தொட்டிகளில் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் கண்ணெதிரே நடக்கும். சமன்பாட்டுக்கு விடை காண்பது அங்கே தண்ணீர்தான். அதில் ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மோனியாக்கை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள். அதன் புரோகிராம் எங்கே இருக்கிறது? குழாயின் வளைவில், தொட்டியின் வடிவத்தில், பலகையில் வெட்டிய கோட்டின் சாய்வில். இயந்திரத்திலிருந்து அதைப் பிரித்து எடுத்து வேறெங்கும் கொண்டுபோய் வைக்க முடியாது. குழாய் துருப்பிடித்தால் புரோகிராமும் துருப்பிடிக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிகோலாய் புருசென்ட்சோவ் தலைமையில் 1958இல் செதூன் என்று ஒரு கணினி உருவானது. பக்கத்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர் அது. ஏறக்குறைய ஐம்பது செதூன்களைக் கட்டினார்கள். மற்றக் கணினிகள் இரண்டு நிலையில் எண்ணின. செதூன் மூன்று நிலையில் எண்ணியது: பிளஸ் ஒன்று, பூஜ்யம், மைனஸ் ஒன்று.

இது என்ன கூத்து என்று தோன்றலாம். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எடைக்கற்கள் நான்குதான்: 1, 3, 9, 27. கல்லைப் பொருள் இருக்கும் தட்டிலும் வைக்கலாம், எதிர்த்தட்டிலும் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். இந்த நான்கு கல்லால் ஒன்று முதல் நாற்பது வரை எந்த முழு எடையையும் நிறுத்துவிடலாம். ஐந்து வேண்டுமா? எதிர்த்தட்டில் 9, பொருளோடு 3, அதோடு 1. ஒன்பதில் மூன்றும் ஒன்றும் போனால் ஐந்து. செதூன் எண்ணியது இப்படித்தான்.

இதை நான் ஒரு மரப்பலகையில் செய்துவைத்திருக்கிறேன். மூன்று நிலையில் நிற்கும் நான்கு சுவிட்சுகள். மேலே தள்ளினால் பிளஸ், கீழே தள்ளினால் மைனஸ், நடுவில் விட்டால் பூஜ்யம். ஐந்தைக் காட்ட 27 நடுவில், 9 மேலே, 3 கீழே, 1 கீழே. சரி, மைனஸ் ஐந்து வேண்டுமென்றால்? மேலே இருப்பதைக் கீழே தள்ளு, கீழே இருப்பவற்றை மேலே தள்ளு. முடிந்தது. நாம் தினம் பயன்படுத்தும் கணினியில் ஓர் எண்ணை மைனஸ் ஆக்க, எல்லாப் பிட்டையும், அதாவது ஒவ்வொரு ஒன்றையும் பூஜ்யத்தையும், திருப்பிப்போட்டு, அப்புறம் ஒன்றைக் கூட்ட வேண்டும். எட்டு பிட் இருந்தால் மைனஸ் 128 உண்டு, பிளஸ் 128 கிடையாது. அந்த ஒற்றைப் பக்கக் கோணல் சுவிட்சுப் பலகையில் இல்லை. மைனஸ் நாற்பது முதல் பிளஸ் நாற்பது வரை, கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் சமம். விருந்தாளிகள் வந்தால் அந்தப் பலகையைத்தான் முதலில் காட்டுவேன்.

செதூன் இன்று ஓடவில்லை. ஆனால் எப்படி எண்ணியது என்பது வார்த்தையாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துத்தான் பகலெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் என்னாலும் ஒரு துண்டை மறுபடி செய்ய முடிந்தது. மோனியாக் குழாய்க்குள் பூட்டி வைத்திருந்ததைச் செதூன் ஏட்டில் எழுதிவைத்தது.

புரோகிராம் எத்தனை காலம் வாழும் என்று கேட்டால், நான் முதலில் 1843க்குப் போவேன். ஏடா லவ்லேஸ் அம்மையார் அந்த வருடம் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்து, அதோடு தன் குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட இயந்திரத்தைப் பற்றிய குறிப்புகள். அவற்றின் கடைசியில் ஓர் அட்டவணை வருகிறது. பெர்னூலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணக்கிட 25 படிகள். அந்த இயந்திரத்தைக் கடைசிவரை யாரும் கட்டவில்லை. ஓட இடமில்லாமலே பிறந்த புரோகிராம் அது.

ஆனாலும் நான் அதை ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு படியையும் அப்படியே இன்றைய மொழியில் எழுதினால் ஓடுகிறது, விடை மட்டும் தப்பாக வருகிறது. முக்கியக் காரணம் நான்காம் படி. வகுத்தலில் மேலே வர வேண்டியதும் கீழே வர வேண்டியதும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. அதைத் திருப்பிப்போட்டால் அந்தப் படி சரியாகிறது. யோசித்துப் பாருங்கள். 180 வருடத்துக்கு முந்தைய ஒரு புரோகிராமில் பிழை கண்டுபிடித்துத் திருத்த முடிகிறது! ஒவ்வொரு படியும் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதப்பட்டிருப்பதால்தானே அது முடிகிறது?

நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் வழிகாட்டிக் கணினியும் இதையே சொல்கிறது. அதன் புரோகிராம்கள் கம்பியால் நெய்யப்பட்டவை. தொழிற்சாலைப் பெண்கள் ஊசியில் கம்பியைக் கோத்து, சின்னக் காந்த வளையத்துக்குள் விட்டால் ஒன்று, வெளியே விட்டால் பூஜ்யம் என்று கையால் நெய்தார்கள். அப்படி ஒரு நெசவை இன்று எந்தக் கணினியில் செருகுவது? ஆனால் புரோகிராமைத் தாளிலும் அச்சடித்து வைத்திருந்தார்கள். எம்.ஐ.டி. அருங்காட்சியகத்தில் இருந்த அந்தத் தாள்களைப் படமெடுத்து, ஆர்வலர்கள் வரி வரியாக மறுபடி தட்டச்சு செய்து, பழைய கணினியைப் போல வேஷம் கட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓடவைத்தார்கள். என் மேசையில் அது ஓடியபோது, பச்சை எழுத்துகள் ஒளிர்வதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1086இல் நாடு முழுக்க நிலத்தையும் உடைமைகளையும் கணக்கெடுத்து டூம்ஸ்டே புத்தகம் என்று எழுதினார்கள். 900ஆம் ஆண்டைக் கொண்டாட, 1986இல் பி.பி.சி. அதேபோல ஒரு பெரிய தொகுப்பைச் செய்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட லட்சக்கணக்கானோர் படமும் குறிப்பும் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் லேசர் வட்டுகளில் ஏற்றினார்கள். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால், அந்த வட்டைப் படிக்கும் கருவி நல்ல நிலையில் கிடைப்பதே குதிரைக்கொம்பு. 2002 வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு, பழைய கணினியை மென்பொருளாக மறுபடி எழுதித்தான் உள்ளே இருந்ததை மீட்டார்கள். தோல் தாளில் மையால் எழுதிய பழைய புத்தகமோ 900 வருடத்துக்குப் பிறகும் படிக்கக் கிடைக்கிறது. வட்டு கெட்டுப்போகவில்லை, நேயர்களே. வட்டைப் படிக்கத் தெரிந்த இயந்திரம் உலகத்திலிருந்து மறைந்துகொண்டிருந்தது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீடு பரவலாவதற்கு முன்னால் அடித்த ஒரு பழைய கட்டுரையைத் திறந்தால் திரை முழுக்கக் கோடும் கொம்புமாக ஏதேதோ வரும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை கிடைத்துவிட்டால் கட்டுரை முழுதும் உயிர்த்தெழும். திஸ்கி போன்ற குறியீடுகளுக்கு அந்த அட்டவணை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கம் இல்லையென்றால் ஆயிரம் பக்கமும் வீண்.

வாயேஜர்-1 விண்கலத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. 1977இல் கிளம்பியது. அதில் உள்ள கணினிகளின் நினைவகத்தை மொத்தமாகச் சேர்த்தாலும் 70 கிலோபைட் அளவுதான். 2023 நவம்பரில் அது அனுப்பிய தகவல் திடீரென்று புரியாத உளறலாகிவிட்டது. நினைவகத்தில் ஒரு சில்லு செத்துப்போனதுதான் காரணம். அந்தச் சில்லில் இருந்த புரோகிராமை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், ஆனால் முழுதாக வைக்கும் அளவுக்கு ஒரே இடமாகக் காலி இல்லை. அதனால் அதைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த இடுக்குகளில் வைத்து, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும் வழிகளையெல்லாம் திருத்தி எழுதினார்கள். கலம் இருந்தது 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில். போக 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22 மணி நேரத்துக்கு மேல். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20ஆம் தேதி பதில் வந்தது. வாயேஜர் மறுபடி புரியும்படி பேசியது.

அந்தப் பதில் வந்த செய்தியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஆட்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புரோகிராம் ஒரு மனிதத் தலைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது என்பதும் உண்மை. எந்த வார்த்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறது. இன்று நாம் எழுதும் ஒரு சாதாரணக் குறிப்பேட்டு மென்பொருளை அப்படித் துண்டுபோட்டு மாற்றி வைக்க யாரால் முடியும்? நான் எட்டு வருடம் குறிப்புகள் எழுதிவைத்த ஒரு மென்பொருள் ஒருநாள் திறக்க மறுத்தது. எங்கோ இருந்த ஒரு சர்வரை நிறுத்திவிட்டார்கள். குறிப்புகள் என் வட்டில்தான் இருந்தன, ஆனால் எந்த வடிவத்தில் இருந்தன என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. என் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதியது அதில் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து பைட் பைட்டாகப் பிரித்து எடுத்தேன். முழுவதும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு முக்கியமான எதையும் வெற்று உரைக்கோப்பாகத்தான் வைக்கிறேன்.

நீண்ட காலம் வாழ வேண்டும் என்றே எழுதப்பட்ட மென்பொருளும் உண்டு. டொனால்டு க்னூத் 1978இல் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். கணிதப் புத்தகங்களை இன்றும் அதில்தான் கோக்கிறார்கள். 1990க்குப் பிறகு அதில் புது வசதி எதையும் அவர் சேர்ப்பதில்லை, பிழையை மட்டும் திருத்துகிறார். திருத்தும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணில் பை என்ற கணித எண்ணின் இன்னொரு இலக்கம் கூடும். 2021இல் அது 3.141592653 ஆனது. தன் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் பை என்றே ஆகிவிட வேண்டும், அதோடு யாரும் எதையும் மாற்றக் கூடாது, மிச்சமிருக்கும் பிழைகளும் அப்படியே இருக்கட்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். நிறுத்தத் தெரிந்த மனிதர்.

இன்று புழங்கும் டெக்கை அவர் எழுதியது பாஸ்கல் என்ற மொழியை ஒட்டி. இன்று பாஸ்கலில் எழுதுகிறவர்கள் குறைவு. பரவாயில்லை, அதை அப்படியே சி மொழிக்கு மாற்றும் புரோகிராம் ஒன்று இருக்கிறது, அதன் வழியாகத்தான் பல கணினிகளில் அது ஓடுகிறது. மூல உரையைப் பக்கத்துக்குப் பக்கம் விளக்கம் சேர்த்துப் புத்தகமாகவே அச்சிட்டிருக்கிறார். மொழி செத்தாலும் புத்தகத்தைப் படித்து இன்னொரு மொழியில் எழுதிவிடலாம்.

இதெல்லாம் படித்த தைரியத்தில்தான் என் ஆசை வளர்ந்தது. பாய்மரப் படகில் வாழும் இருவர், கடலில் கிடைக்கும் கொஞ்சம் சூரிய மின்சாரத்தில் தங்கள் கருவிகள் ஓட வேண்டும் என்பதற்காக, 64 கிலோபைட் நினைவகத்தோடு யுக்சன் என்ற கற்பனைக் கணினியை வகுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது நானும் ஒன்று வகுக்கலாம் என்று தோன்றியது. செதூனைப் போல மூன்று நிலையில் எண்ணும் ஒரு சிறு கணினி. மொத்தம் 27 கட்டளைகள். விளக்கம் எழுதினால் பதினொரு பக்கம்.

ஆனால் எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதையும் சிப்-8தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதில் ஓர் எண்ணின் பிட்டுகளை ஒரு இடம் தள்ளிவைக்க ஒரு கட்டளை உண்டு. முதல் கையேட்டில் அந்தக் கட்டளை எழுதப்படவே இல்லை. பயன்படுத்தியவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு வேறொருவர் வேறொரு கருவிக்கு சிப்-8ஐக் கொண்டுபோனபோது, அதைச் சற்றே வேறு மாதிரி செய்துவிட்டார். முதலாவதில் இரண்டாம் பதிவேட்டைத் தள்ளி முதல் பதிவேட்டில் வைக்கும். பின்னதில் முதல் பதிவேட்டையே தள்ளும். அதனால் சில விளையாட்டுகள் ஒரு வகையில் ஓடும், சில இன்னொரு வகையில்தான் ஓடும். என் எமுலேட்டரில் ஒரு விளையாட்டின் எதிரிகள் சுவருக்குள் நடந்துபோனார்கள். ஏன் என்று புரிய எனக்கு நான்கு இரவு பிடித்தது. எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரி, நாற்பது வருடம் கழித்து என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆகவே என் பதினொரு பக்கத்தை நானே சோதித்துப் பயனில்லை என்று முடிவு செய்தேன். என் தலையில் இருப்பதைத்தான் நான் தாளில் படிப்பேன். அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுக்கு நான் எழுதிய புரோகிராம் எதையும் காட்டவில்லை. பக்கங்களை மட்டும் அச்சடித்து அனுப்பி, "இதை வைத்து இந்தக் கணினியை நீயே செய்து பார்" என்றேன். கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

பத்து நாளில் போன் வந்தது. "மாமா, உங்க கம்ப்யூட்டர் ஓடுது. ஆனா பின்னாடி எண்ணுது. நிக்கவே மாட்டேங்குது."

நான்காம் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். இரண்டு எண்களை ஒப்பிட ஒரு கட்டளை வைத்திருக்கிறேன். மூன்று நிலைக் கணினியில் அதற்கு விடை ஒரே இலக்கம்: பெரியது என்றால் பிளஸ், சமம் என்றால் பூஜ்யம், சிறியது என்றால் மைனஸ். இரண்டு நிலைக் கணினியில் இவ்வளவு அழகாக அமையாது. அந்தக் கட்டளைக்கு நான் எழுதியிருந்தது, 'இரண்டு எண்களையும் ஒப்பிட்டு விடையின் அடையாளத்தை வை' என்று. எது எதைவிடப் பெரியது என்று எழுதவில்லை. எனக்கு அது தெரிந்த விஷயம், அதனால் கண்ணில் படவில்லை. அவள் நேரெதிராக எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டதில் எந்தத் தவறும் இல்லை.

அந்த வாக்கியத்தை இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன்: 'முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழி. விடை பூஜ்யத்துக்கு மேல் என்றால் பிளஸ்.' அதோடு 5, 7 என்று ஓர் உதாரணமும் சேர்த்திருக்கிறேன், விடை மைனஸ் என்று. மற்ற 26 கட்டளைகளுக்கும் இப்படி உதாரணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு பதினேழாவதை முடித்தேன். எல்லாம் முடிந்ததும், இதுவரை இந்தக் கணினியைக் கேள்விப்படாத இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும்.

நன்றி. வணக்கம்.